இன்னும் போணி ஆகலை

அமெரிக்காவில் பிளானோ என்கிற ஊரில் கடைக்கு நடந்து போகிற பெண்பிள்ளையைப் பார்த்தால் ஜனங்களுக்குத் தாங்காது. கார் கெட்டுப்போச்சா, வீட்டில் சண்டையா, இல்லை புத்திதான் சரியில்லையா என்று மூன்றில் ஒன்றை நினைத்துக்கொண்டு வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். சாந்தாமணியை ஒரு தடவை போலீஸ்காரரே ஓரங்கட்டி விசாரித்தார். பருத்திச் சேலை, அதற்குமேல் மகனுடைய கம்பெனி பேர் போட்ட ஜாக்கெட், காலில் வெள்ளை ஷூ, கையில் மஞ்சள் பை. அந்த மனுஷர் என்னவென்று நினைப்பார், பாவம்! "ஷாப், ஷாப்" என்று கையைக் காட்டினாள். அவர் சிரித்துத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசிய மூன்று பேரில் அவரும் ஒருவர்.

மூன்று பேர் கிடைப்பதே அபூர்வம். மகன் முகிலன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வருவான். 1999-ஆம் வருஷம் அது. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் பேந்தப் பேந்த முழிக்கப் போகின்றன என்று சொல்லி, அதைத் தடுக்க ஈரோட்டிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் பிள்ளைகளை வாரிக்கொண்டு வந்து லெகசி ரோட்டுப் பக்கத்து ஆபீஸ்களில் அடைத்து வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. அப்பா சேனாபதி மாரடைப்பில் போய்ச் சேர்ந்த ஆறாம் மாதமே, "நீங்க அங்க தனியா இருக்க வேண்டாம்மா" என்று டிக்கெட் போட்டு அழைத்துக்கொண்டான். ஈரோட்டில் தனியாக இருந்தவள் பிளானோவில் தனியாக இருந்தாள். இங்கே தரையில் கார்ப்பெட் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"யார் பெல் அடிச்சாலும் கதவைத் திறக்காதீங்க. மேகசின் விக்கிறவன், சர்ச்காரன்னு எவனாச்சும் வருவான்" என்பது முகிலன் போட்ட முதல் சட்டம். வெளியே நிற்பது யாரென்று பார்க்கக் கதவில் ஒரு கண்ணாடித் துளை இருந்தது. அமெரிக்கர்கள் உயரத்துக்கு வைத்த துளை. சாந்தாமணி குதிகாலைத் தூக்கி நின்றாலும் எட்டாது. ஆக, பெல் அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடித்தவர் போனபிறகு விடுவாள்.

ஆனால் காலை ஒன்பதே முக்கால் ஆனால் அவளைப் பிடிக்க முடியாது. பத்து மணிக்குக் கமால் ஸ்டோர்ஸ் திறக்கும். சலவைக் கடைக்கும் நகத்துக்குப் பாலிஷ் போடுகிற கடைக்கும் நடுவே, ரெண்டே வரிசை அலமாரியும் ஒரு காய்கறி மேடையுமாக இருந்த சின்னக் கடை. அது திறந்ததும் முதல் ஆளாக இவள்தான் காசு கொடுக்க வேண்டும். அன்றைய முதல் வியாபாரம், அந்தப் போணி, இவளுடையது. அதை வேறு எவரும் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்று பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்பாள்.

அந்தப் போணி அவளுக்குக் கிடைத்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஈரோட்டில், கணவன் போய் நாற்பது நாள்கூட ஆகாதபோது, ஒரு காலையில் தெருமுனை மளிகைக் கடையில் போய் நின்றாள். இருபது வருஷமாகச் சாமான் கொடுத்த கடைக்காரர். அவளுடைய வெறும் நெற்றியை ஒரு பார்வை, வெறும் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் போணி ஆகலீங்கம்மா, சித்த நேரம் கழிச்சு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் வயிற்றெரிச்சல். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் அவள் முதல் ஆளாக ஏறியதில்லை. பூவும் பொட்டுமாக எவளாவது வந்து வாங்குகிறவரை ஓரமாக நின்றுகொள்வாள்.

பிளானோவுக்கு வந்த ரெண்டாம் வாரம், ஏப்ரல் மாதம், கமால் ஸ்டோர்ஸ் வாசலிலும் அப்படித்தான் போய் ஓரமாக நின்றாள். கமாலின் மனைவி மஹ்பூபா உள்ளேயிருந்து கதவைத் திறந்து, 'ஓப்பன்' என்று எழுதிய சிவப்பு விளக்கைப் போட்டாள். நாற்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கம். தலையில் முக்காடு நழுவினாலும் நழுவும், வாயில் பேச்சு நழுவாது.

"உள்ள வாங்கக்கா, ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"இல்லீங்க, வேற யாராச்சும் வரட்டுங்க. நீங்க போணி பண்ணிக்குங்க. நான் அப்பறமா வாங்கிக்கறேன்."

"ஏன், நீங்க வாங்குனா போணி ஆகாதாக்கா?"

சாந்தாமணி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். மஹ்பூபாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவளுக்கு வந்ததே கோபம்!

"அட போங்கக்கா! இந்த ஊர்ல காலைல பத்து மணிக்கு நடந்து வந்து என் கடை வாசல்ல நிக்கிற ஒரே ஆளு நீங்க. உங்களை வெளிய நிக்க வச்சிட்டு நான் வேற யாரைத் தேடிப் போவேன்? வாங்க உள்ள. எதையாச்சும் கையில எடுங்க."

ஒரு கட்டு கொத்தமல்லியை எடுத்து ஒரு டாலரை நீட்டினாள் சாந்தாமணி. மஹ்பூபா "பிஸ்மில்லா" என்று அதை வாங்கி, ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து தமிழ் வருஷப் பிறப்புக்கு முதல் நாள். பக்கத்து ஊர்களான காப்பெல்லிலிருந்தும் ஆலனிலிருந்தும் கார் காராக வந்து இறங்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மாங்காய், வெல்லம், தேங்காய் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காலி. மறுநாள் சாந்தாமணி தலையைக் காட்டியதும் மஹ்பூபா கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா ராசியான கைக்கா இது! மாஷா அல்லாஹ்! இனிமே தெனமும் நீங்கதான் போணி. வரலேன்னா வீட்டுக்கே வந்து தூக்கிட்டு வந்துருவேன், பாத்துக்கங்க."

வருஷப் பிறப்புக்கு நாலு பேர் வரத்தான் செய்வார்கள், இதில் கை எங்கே வந்தது என்று யாராவது கேட்கலாம். கேட்கிறவர்களுக்குக் கழுத்தில் தாலி இருந்திருக்கும். சேனாபதி போனபிறகு அவள் கையை நல்ல கை என்று சொன்ன முதல் ஆள் மஹ்பூபா. திரும்பி வருகிற வழியில் அந்தப் பெரிய ரோட்டோரம் நின்று சாந்தாமணி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, வீட்டுக்கு வந்து துவையல் அரைத்தாள்.

தினம் ஒரு கட்டு கொத்தமல்லி என்றால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜைத் திறந்த முகிலன், "அம்மா, எட்டு கட்டு இருக்கு. ரெஸ்டாரன்ட் வைக்கப் போறீங்களா?" என்றான். மறுநாள் பச்சை மிளகாய்க்கு மாறினாள். அதற்கடுத்த நாள் எலுமிச்சம்பழம். என்ன வாங்குகிறோம் என்பதா முக்கியம்? வாங்கியபிறகு அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார வைத்து மஹ்பூபா டீ கொடுப்பாளே, அதற்குத்தான் இத்தனையும். அந்த நேரத்தில்தான் கமாலுக்குக் காய் வரும். மெக்கின்னி பக்கத்திலிருந்து பெரிய தொப்பி வைத்த வெள்ளைக்கார விவசாயி ஒருவர் பிக்கப் வண்டியில் வெண்டைக்காய் கொண்டுவருவார். கார்லண்டிலிருந்து ஒரு வியட்நாம்காரம்மா தன் வீட்டுப் பின்பக்கம் விளைந்த பாகற்காயையும் கீரையையும் கூடையில் தூக்கிவருவாள். தொப்பிக்காரருக்கு முதலில் நம் ஜனங்கள்மேல் பயங்கரக் கோபம். வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கிறார்களே, இது என்ன அக்கிரமம்! "உடைச்சுப் பாக்காம எங்க ஊர்ல எவளும் வாங்கமாட்டா" என்று கமால் இங்கிலீஷில் சொல்லிப் புரியவைத்தார். அப்புறம் அந்த மனுஷரே சாந்தாமணியைப் பார்த்ததும் ஒரு காயை எடுத்து நுனியை டக்கென்று உடைத்துக் காட்டி, "குட்?" என்பார். "குட்டுங்க" என்பாள் இவள்.

ஜூலை மாதம் ஹைவே ஓரத்தில் பெரிய கடை வந்தது. பெயர் என்னவோ நீளமாக இருந்தது, எல்லோருக்கும் அது பெரிய கடைதான். ஹூஸ்டனில் ஒன்று, சிகாகோவில் ரெண்டு என்று ஊர் ஊராகக் கிளை. திறப்பு விழாவுக்கு சமோசா இலவசம். உள்ளே தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனால் பத்து வரிசை. ஒரு சனிக்கிழமை முகிலன் அம்மாவையும் அங்கே கூட்டிப் போனான். நுழைந்ததும் கமால் கடை வாடிக்கை அத்தனை பேரும் அங்கே தென்பட்டார்கள். வாரம் தவறாமல் மஹ்பூபாவிடம் கதையளந்த புஷ்பவல்லி, இவளைக் கண்டதும் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளியாத குறை. வெண்டைக்காய் மேடையில் ஒரு அட்டை தொங்கியது. முகிலன் படித்துச் சொன்னான்: "நுனியை உடைக்காதீர்கள்னு போட்டிருக்கும்மா."

"உடைக்காம என்னத்தெ வாங்கறது? நான் கமால் தம்பி கடையிலயே வாங்கிக்கறேன் போ."

"அம்மா, அரிசி மூட்டை இங்க நாலு டாலர் கம்மி."

"கம்மியாத்தான் இருக்கும். அந்தத் தம்பி நம்ம மூட்டையை மூணு மாடி தூக்கியாந்து வெச்சுதே, அதை இவங்க வெப்பாங்களா? இங்க யாராச்சும் உன் பேரைக் கேட்டாங்களா?"

"பேர் எதுக்கும்மா கேக்கணும், கிரெடிட் கார்டுலயே இருக்கே" என்றான் முகிலன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் போனது. கமால் கடையில் வாரக் கடைசியில்கூடக் கார் நிறுத்த இடம் கிடைத்தது. தொப்பிக்காரர் நாலு பெட்டி வெண்டைக்காய் கொண்டுவந்த இடத்தில் ஒன்று கொண்டுவந்தார். வியட்நாம்காரம்மா பாதிக் கூடையைத் திருப்பி எடுத்துப் போனாள். அலமாரியில் சாமான் குறைந்ததும் இருக்கிற டப்பாக்களை முன்னால் நகர்த்தி வைத்து மறைத்தாள் மஹ்பூபா. சாந்தாமணிக்கு அது தெரியும். தெரியாத மாதிரி டீ குடித்தாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மஹ்பூபா டீயை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "கடை லீஸ் முடியுதுக்கா. இன்னும் மூணு வருஷத்துக்கு வேணுமா வேணாமான்னு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். ஹூஸ்டன்ல இவுக தம்பி பெட்ரோல் போடுற கேஸ் ஸ்டேஷன் வச்சிருக்காகல்ல, அங்க வந்துருன்னு கூப்பிடுறாக. இவுக என்ன சொல்றாக தெரியுமா? 'அக்கா பத்து மணிக்கு வந்து நிக்கிற வரைக்கும் நான் ஏன் கடையை மூடணும்'கிறாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கமாலும் சிரித்தார். "ஆமாக்கா. ஆனா நேத்து உங்க போணியோட சரி. அதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை."

அவ்வளவுதான். வேடிக்கையாகச் சொன்னது. மனசு இருக்கிறதே, அது ஒரு விவஸ்தை கெட்ட ஜன்மம். நாலு வார்த்தை காதில் விழுந்தால் குத்துகிற வார்த்தையை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்ளும். மஹ்பூபா சொன்னது பிளானோ ரோட்டிலேயே உதிர்ந்துபோயிற்று. கமால் சொன்னது வீடுவரை கூடவே வந்தது. உங்க போணியோட சரி.

ஏப்ரலில் ஜேஜே என்று இருந்த கடை. தினமும் முதல் காசு அவள் கொடுத்தது. இன்றைக்கு ஈ காக்கா இல்லை. அப்படியானால் ஈரோட்டுக் கடைக்காரர் சொன்னது சரிதானோ? சேனாபதி போன அன்றைக்கும் காலையில் இந்தக் கையால்தானே காப்பி கொடுத்தாள்? பெரிய கடை, சமோசா, நாலு டாலர் எல்லாம் அவள் கண்ணாலேயே பார்த்ததுதான். ஆனாலும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கடை போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் போக ஓர் இடமில்லை. போகட்டும், தனக்கு இல்லாவிட்டால் தொலைகிறது. அவளை உள்ளே கூப்பிட்டவர்களுக்கா இவள் கையால் கெடுதல் வரவேண்டும்?

வெள்ளிக்கிழமைவரை போகக் கூடாது என்று முடிவு செய்தாள். பத்து நாள். நல்ல கை எதுவாவது வந்து போணி பண்ணட்டும். வியாபாரம் தலை நிமிர்ந்தால் கமால் கையெழுத்துப் போட்டுவிடுவார், அப்புறம் போய்க்கொள்ளலாம். மஹ்பூபாவிடம் சொல்லிவிட்டு நிற்கலாமே என்றால், சொன்னால் அவள் விடுவாளா? கையைப் பிடித்து இழுத்து அவளே டாலரை வாங்கிக்கொள்வாள். போனில் கூப்பிட்டு விசாரிக்கவும் அவர்களிடம் இவள் நம்பர் கிடையாது. தினமும் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நம்பர் எதற்கு?

அந்தப் பத்து நாளை எப்படித் தள்ளினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குக் கால் தானாக ஷூவைத் தேடும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கார்கள் கிளம்பிப் போன காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குக்கர் விசில் அடித்தால் "இரு, இரு, வந்துட்டேன்" என்று பதில் சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் முகிலன் போன் பண்ணியபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "சளி பிடிச்சிருக்காம்மா?" என்றான். "ஆமா கண்ணு" என்றாள். சளியெல்லாம் இல்லை. காலையிலிருந்து வாயைத் திறக்கவே இல்லை, அதுதான்.

சும்மா இருக்கவும் மனசு வரவில்லை. எதிர்வீட்டு ரோஷினி ஞாபகம் வந்தது. மதுரைப் பெண். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தாலியைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவள்தான். டிராயரில் இருந்தாலும் தாலி தாலிதானே? இடுப்பில் ரெண்டு வயதுக் குழந்தை வேறு. புதன்கிழமை அவள் காரிலிருந்து இறங்கும்போது சாந்தாமணி படியிறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"ரோஷினி, ஒரு உபகாரம் பண்ணு கண்ணு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமால் கடைக்குப் போய், முதல் ஆளா ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கோணும். உன் கையால போணி ஆகோணும்."

"கொத்தமல்லிதானே ஆன்ட்டி? ஷூர், டோன்ட் வொர்ரி" என்று சொல்லிக்கொண்டே ரோஷினி குழந்தையின் ஒற்றைச் செருப்பைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்து, விளக்கேற்றி, மஹ்பூபா கடை நிலைக்க வேண்டும் என்று பழனியாண்டவரிடம் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதரை இருக்கும். பெல் அடித்தது. அப்படியே நின்றாள். கையில் சோப்பு நுரை, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இன்னொரு தடவை அடித்தது. மேகசின்காரன், போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்துப் படியில் யாரோ இறங்குகிற சத்தம் மெதுவாகக் கேட்டது.

பத்து நிமிஷம் பொறுத்துக் கதவைத் திறந்தாள். கைப்பிடியில் பெரிய கடையின் பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே மூணு கட்டு கொத்தமல்லியும் ஒரு மஞ்சள் சீட்டும். ரோஷினி வளர்ப்பு அப்படி, தமிழில் எழுதியிருந்தாள்: "ஆன்ட்டி, நேத்து ஈவ்னிங் பெரிய கடை போனேன், அங்கேயே வாங்கிட்டேன். மூணு கட்டு ஒரு டாலர்!"

அடிப்பாவி, என்று சொல்ல வாயெடுத்தவள் கீழே பார்த்தாள். வாசல் மிதியடிமேல் பழுப்புக் காகிதப் பை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கமால் கடைப் பை. எடுத்துப் பிரித்தாள். வெண்டைக்காய். பிஞ்சு, ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் நுனி உடைத்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தது.

கமால் தம்பியா வந்து பெல் அடித்தது? இந்தப் பிளாஸ்டிக் பைக்கு நேர் எதிரேயா நின்றது? ஷூவைக்கூடக் கட்டாமல் ரெண்டு படி இறங்கிவிட்டாள். இறங்கியவள் நின்றாள். மணி இன்னும் பத்து ஆகவில்லை. கையெழுத்துப் போடுகிற நாள். ரோஷினி போகவில்லை. இப்போது ஓடினால் இன்றைக்கும் முதல் ஆள் இவள்தான். பத்து நாள் பல்லைக் கடித்தது எதற்கு?

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், மடியில் வெண்டைக்காய்ப் பையுடன். பத்து ஆனது, பதினொன்று ஆனது. இதற்குள் யாராவது வந்திருப்பார்கள், இதற்குள் எவளாவது ஒருத்தி ஒரு டாலராவது கொடுத்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு, பன்னிரண்டரை ஆனதும் எழுந்தாள். அத்தனை வெயிலிலும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கடையில் மஹ்பூபா மட்டும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போடவும் இல்லை.

"கமால் தம்பி இல்லீங்களா?"

"லீஸ் ஆபீஸுக்குப் போனாக. இப்பத்தான் போன் பண்ணாக. வேணாம்னு எழுதிக் குடுத்தாச்சாம். அந்த இடத்துக்கு முன்னாடியே ஆள் காத்துக்கிட்டு இருந்தாகளாம். செக்கை அங்கேயே நீட்டிட்டாகளாம். மாசக் கடைசியில ஹூஸ்டன் போறோம்க்கா."

சாந்தாமணி மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

மஹ்பூபா கல்லாவைத் துடைத்துக்கொண்டே பேசினாள். இவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பத்து நாளா ஒரே புலம்பல்க்கா அவுகளுக்கு. பெரிய கடைக்கு நேந்துக்கிட்ட மாதிரி கூட்டம் போகுது, எனக்கு இந்த ஒரு அக்கா போதும்னு அந்தப் பேப்பரைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சாக. இன்னைக்குக் காலைல வெண்டைக்காயைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு, 'அக்காவைப் பாத்துட்டு வந்து கையெழுத்துப் போட்டுர்றேன், கடையை விட வேணாம்'னு சொல்லிட்டுத்தான் கிளம்புனாக."

துணியை மடித்து வைத்தாள். "ரெண்டு தடவை பெல் அடிச்சாகளாம். உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சாம். கதவுல அந்தக் கடைப் பை தொங்குச்சாம். சரி, பாவம், அக்காவைச் சங்கடப்படுத்த வேணாம்னு வந்துட்டாக."

ஐயோ, என்று வாய்வரை வந்துவிட்டது. நானாங்க அங்க போவேன்? உங்களுக்கு என் கையால கெடுதல் வரக் கூடாதுன்னுதானுங்க வீட்டோட கிடந்தேன். என் கால் இங்கதான் வரத் துடிச்சுதுங்க. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் இவளுக்கு எத்தனை ஆறுதல்! மஹ்பூபா எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள், பைத்தியமாக்கா நீங்க என்று அழுவாள்.

அழுதுவிட்டு? எழுதிக் கொடுத்த பேப்பர் திரும்பி வராது. அந்த இடத்துக்குச் செக் கொடுத்தவன் விட்டுக்கொடுக்கமாட்டான். ஹூஸ்டனில் தன் தம்பியின் கேஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கமால் என்ன நினைப்பார்? இன்னொரு தடவை பெல்லை அடித்திருந்தால், அக்கா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால், என்று ஆயுசு முழுக்க நினைப்பார். எல்லோரையும் மாதிரி அந்த அக்காவும் பெரிய கடைக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனால் இத்தோடு போயிற்று. மனுஷர்கள் இப்படித்தான் என்று உதறிவிட்டுப் போவார்கள்.

சாந்தாமணி மஞ்சள் பையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "பையன் அங்கதானுங்க வாங்கறான். கார்ல போயிட்டு வந்தரலாமுங்க. வெயில்ல நடக்க முடியறதில்லீங்க. அரிசியும் கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க."

மஹ்பூபா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்கென்னக்கா. எல்லாரும் அப்படித்தானே. நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க."

"கோவிச்சுக்காதீங்க."

"சேச்சே, கோவமெல்லாம் இல்லக்கா" என்றாள் மஹ்பூபா. நிஜமாகவே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

காய்கறி மேடையில் வாடின கொத்தமல்லி ரெண்டு கட்டு கிடந்தது. சாந்தாமணி ஒன்றை எடுத்தாள். "வியாபாரம் எப்படிங்க இன்னிக்கு?"

"இன்னும் போணி ஆகலைக்கா."

டாலரை நீட்டினாள். மஹ்பூபா வாங்கினாள். கல்லாவை இழுத்தாள். நோட்டை உள்ளே போட்டு மூடினாள். கண்ணில் ஒற்றவில்லை.

"பை வேணுமாக்கா?"

"வேண்டாங்க. மஞ்சப் பை இருக்குதுங்க" என்றாள் சாந்தாமணி. "போயிட்டு வர்றனுங்க" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நல்ல வெயில். ரோட்டில் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. நடைபாதையில் வழக்கம்போல ஒருவரும் இல்லை. சலவைக் கடையைத் தாண்டியதும் சாந்தாமணி பேச ஆரம்பித்தாள். ஈரோட்டுக் கடைக்காரரிலிருந்து ஆரம்பித்து, கமால் வேடிக்கையாகச் சொன்னது, பத்து நாள் வீட்டில் கிடந்தது, ரோஷினி, பெல், எட்டாத கண்ணாடித் துளை எல்லாவற்றையும், ஒன்று விடாமல், மஹ்பூபா எதிரே உட்கார்ந்து கேட்பதுபோல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள். வீடு வருவதற்குள் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.